வாசகர் கேள்வி–பதில்: மதுரை வெயிலில் சவர்டோ பிரெட்

கடை ஈஸ்ட் சேர்க்காமல், மாவும் தண்ணீரும் மட்டும் புளிக்கவைத்து வளர்த்த ஸ்டார்ட்டரைக் கொண்டு வீட்டில் சவர்டோ பிரெட் சுடுவது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஒரே சிக்கல்தான் வெவ்வேறு உருவத்தில் வருகிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 21 முதல் 24 டிகிரி வரையுள்ள சமையலறைக்கானது. நம் ஊர் அடுப்படியில் அந்தக் குளிர்ச்சி மார்கழியில்கூட விடிகாலையோடு போய்விடும். அதனால் கீழே தந்திருக்கும் நேரங்கள் 30 டிகிரிக்கும் அதற்கு மேலும் பொருந்துபவை. அளவுகள் எல்லாமே எடைக்கணக்கு. தண்ணீரையும் தராசில் நிறுத்துத்தான் ஊற்ற வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசும், குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கிவிடுங்கள். மற்ற சாமான்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மைதாவில் ஸ்டார்ட்டர் ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே பொங்கிப் பாட்டிலைத் தாண்டி வழிந்தது. நான்காம் நாள் ஒரு குமிழிகூட இல்லை. ஒருமாதிரி வாடை வேறு. கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டேன். மறுபடி ஆரம்பித்தபோதும் இதே கதைதான். ஏன் இப்படி ஆகிறது?
வாசகி, அண்ணாநகர், மதுரை

கொட்டாமல் இருந்திருந்தால் இன்னும் சில நாளில் அது நல்ல ஸ்டார்ட்டராகியிருக்கும். இரண்டாம் நாள் பொங்கவைப்பது ஈஸ்ட் இல்லை. மாவோடு ஒட்டிக்கொண்டு வரும் பலவகைப் பாக்டீரியாக்கள், குறிப்பாக லியூகோனாஸ்டாக் இனம், முதலில் பெருகி வாயு விடுகின்றன. அவை பெருகப் பெருகக் கலவையில் புளிப்பு ஏறும். ஓரளவுக்கு மேல் அந்தப் புளிப்பை அவற்றாலேயே தாங்க முடியாது; அடங்கிவிடும். நீங்கள் பார்த்த அமைதியும் வாடையும் அந்தக் கட்டத்தில் வருபவை. புளிப்பைத் தாங்கி வளரும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாக்களும் தலையெடுக்க அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளாவது ஆகும்.

மைதாவில் தவிடும் முளைக்கருவும் நீக்கப்பட்டிருப்பதால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அதில் குறைவு. மில்லில் திரித்த முழுக்கோதுமை மாவில் ஆரம்பியுங்கள். அரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடியில் 50 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் தண்ணீர். உலர்மாவு எங்கும் தெரியாதபடி கலக்கி, மூடியைத் திருகாமல் மேலாக வைத்துவிடுங்கள். மறுநாள் பொங்கினாலும் பொங்காவிட்டாலும் காலையும் மாலையும் கிளறிவிட்டால் போதும். மூன்றாம் நாள் அதிலிருந்து 25 கிராம் மட்டும் எடுத்து, 25 கிராம் மாவும் 25 கிராம் தண்ணீரும் சேருங்கள். அதன்பிறகு குமிழி வரும்வரை நாளுக்கு ஒருமுறை இதே அளவு.

அமைதியாக இருக்கிற நாட்களில், பசியோ என்று நினைத்துப் பலரும் மூன்று வேளை மாவு போடுகிறார்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் சேர்ந்திருக்கும் புளிப்பு நீர்த்துப்போகிறது, ஈஸ்ட்டுக்கு வேண்டிய சூழல் வரவே தாமதமாகிறது. அந்த நாட்களில் பொறுமையாக விட்டுவிடுவதே சரி. முதல் இரண்டு நாளுக்குத் தண்ணீருக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத அன்னாசிச் சாறு ஊற்றினால், தொடக்கத்திலேயே புளிப்பு இருப்பதால் அந்த ஆரம்பப் பொங்கல் பெரும்பாலும் வராது.

பொங்கத் தொடங்கியதும் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை: 20 கிராம் ஸ்டார்ட்டர், 40 கிராம் மாவு, 40 கிராம் தண்ணீர். இந்தக் கட்டத்தில் பாதி மைதா, பாதி கோதுமை மாவுக்கு மாறிக்கொள்ளலாம். ஜாடியில் ரப்பர் பேண்ட் போட்டு உயரத்தைக் குறித்துவையுங்கள். தயாரா என்று சோதிக்க ஒருமுறை ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர் மூன்றையும் சம எடையில் கலந்தால், 30 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்கு உயர வேண்டும். இது தொடர்ந்து இரண்டு மூன்று தடவை நடந்தால் பிரெட்டுக்குத் தயார். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பிவிட வேண்டாம். தளர்வான ஸ்டார்ட்டர் நன்றாக இருந்தும் மூழ்கும். வலுவில்லாததும் சில சமயம் மிதக்கும்.

தண்ணீர் பற்றி: மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். முதல் நாள் இரவே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள், அல்லது கொதிக்கவைத்து ஆற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகும். போர்த் தண்ணீர் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது என்றால் அது வேண்டாம்.

எப்போது கொட்டலாம்? இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத் தீற்றல் தெரிந்தாலோ, பஞ்சுபோல் பூஞ்சணம் பூத்தாலோ மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். முழுவதையும் கொட்டி ஜாடியைக் கொதிநீரில் கழுவுங்கள். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நிற்பதும், நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி வாடை வருவதும் பசியின் அடையாளம். மாவு போட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: வீட்டில் தினமும் இட்லி மாவு புளிக்கிறது. அதிலேயே இரண்டு கரண்டி எடுத்து ஸ்டார்ட்டராகப் பயன்படுத்தலாமா?
வாசகி, திருப்பரங்குன்றம்

இட்லி மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு லியூகோனாஸ்டாக் உள்ளிட்ட லாக்டிக் பாக்டீரியாக்களுடையது. அவை விடும் வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆவியில் வெந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. பிரெட்டில் வாயுவைப் பிடிப்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற இழுபடும் புரதம். ஈஸ்ட் குறைவாகவும் பாக்டீரியா அதிகமாகவும் உள்ள மாவை நேரடியாகச் சேர்த்தால், பிரெட் எழும்புவதற்கு முன்பே புளிப்பு ஏறிக் குளூட்டன் தளர்ந்துவிடும். முதல் நாள் ஸ்டார்ட்டரில் உப்புப் போடாத இட்லி மாவு ஒரு டீஸ்பூன் கலப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் தொடர்ந்து கோதுமை மாவையே போட்டுவந்தால் கோதுமையோடு வரும் உயிர்கள்தான் நிலைக்கும். இட்லி மாவு கலந்ததால் நாள் ஒன்றும் மிச்சமாகாது.

கேள்வி: செய்முறையில் எட்டு மணி நேரம் புளிக்கவிடச் சொல்லியிருக்கிறது. எனக்கு ஐந்து மணி நேரத்திலேயே கையில் ஒட்டிக் கூழாகிவிடுகிறது. உருட்டவே முடியவில்லை. சுட்டால் ஊத்தப்பம்போல் பரந்துவிடுகிறது. தண்ணீரைக் குறைத்தும் பார்த்தேன். மாசி பிறந்ததிலிருந்து இப்படித்தான்.
வாசகர், திருமங்கலம்

தண்ணீர் அல்ல, சூடுதான் காரணம். மாசி பிறந்ததிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாவின் சூடு 24 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்கு ஏறினால் புளிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். அளவு மீறிப் புளிக்கும்போது, கூடிவரும் அமிலத்தில் மாவிலேயே இருக்கும் புரதம் உடைக்கும் நொதிகள் வேகமாக வேலை செய்து குளூட்டனை அறுத்துவிடுகின்றன. பிடித்து வைத்திருந்த தண்ணீரும் வெளியே வந்துவிடும். கூழான மாதிரித் தோன்றுவது அதனால்தான். அந்தக் கட்டத்துக்குப் போன மாவை உருட்டி மீட்க முடியாது. எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, பூண்டும் வெங்காயமும் தூவித் தட்டை ரொட்டியாகச் சுட்டுவிடுங்கள், வீணாகாது.

நம் ஊர் மாவுக்கும் சூட்டுக்கும் ஏற்ற அடிப்படை அளவு: மைதா 400 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 325 கிராம், உப்பு 10 கிராம், பொங்கி உச்சத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் 75 கிராம். பங்குனி முதல் ஆடி வரை ஸ்டார்ட்டரை 50 கிராமாகக் குறைத்துவிடுங்கள். கல்லுப்பானால் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை இருக்காது. வெளிநாட்டுச் செய்முறைகளில் 500 கிராம் மாவுக்கு 375, 400 கிராம் தண்ணீர் இருக்கும். அது புரதம் 12, 13 சதவீதமுள்ள பிரெட் மாவுக்கானது. கடை மைதா பாக்கெட்டின் பின்னால் 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 10 கிராமை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும். அது அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. குளூட்டன் பவுடர் கிடைத்தால் 400 கிராம் மைதாவுக்கு 10 கிராம் சேர்த்துத் தண்ணீரை 15 கிராம் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது மாவின் சூடு. பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். அறை, உலர்மாவு, ஸ்டார்ட்டர் மூன்றின் வெப்பநிலையைக் கூட்டி, 26-ஐ 4-ஆல் பெருக்கி வரும் 104-லிருந்து கழியுங்கள். மீதிதான் தண்ணீர் இருக்க வேண்டிய வெப்பநிலை. அறை 34, மாவு 33, ஸ்டார்ட்டர் 31 என்றால் கூட்டினால் 98. 104-லிருந்து கழித்தால் 6. அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீரில் ஐஸ் துண்டு போட்டுக் குளிரவைத்த தண்ணீர் வேண்டும். ஐஸைத் தனியாகச் சேர்க்காமல், ஐஸோடு சேர்த்தே 325 கிராம் நிறுத்து, கரைந்த பிறகு ஊற்றுங்கள். கையால் பிசைகிறவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். கிரைண்டரிலோ மிக்சரிலோ பிசைந்தால் உராய்வுச் சூடு சேரும். இன்னும் குளிர்ந்த தண்ணீரும், ஃபிரிட்ஜில் வைத்தெடுத்த மாவும் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் பிசைந்தால் தொடக்கத்திலேயே 35 டிகிரியைத் தாண்டிவிடும்.

வேலையை இப்படி அமையுங்கள். இரவு பத்து மணிக்கு 10 கிராம் ஸ்டார்ட்டரில் 50 மாவு, 50 தண்ணீர் போட்டு வைத்தால் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். ஐந்தரைக்கு மாவு, தண்ணீர், ஸ்டார்ட்டர் மூன்றையும் கலந்து மூடிவிடுங்கள். அரை மணி கழித்து உப்பைப் போட்டு நன்றாகப் பிசையுங்கள். பிறகு அரை மணிக்கொரு முறை, கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடிப்பதை நான்கு பக்கமும் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை. பின்பு தொடாமல் விட்டுவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரத்திடம் கேட்காதீர்கள். பிசைந்ததும் ஓர் உருண்டை எடுத்து, நேரான சுவருள்ள சின்னக் கண்ணாடி டம்ளரில் அமுக்கி, உயரத்தைக் குறித்து, பெரிய பாத்திரத்துக்கு அருகிலேயே வையுங்கள். அது 40 சதவீதம் உயர்ந்ததும் (3 சென்டிமீட்டர் இருந்தது 4-ஐச் சற்றுத் தாண்டியதும்) உருட்டிவிடலாம். இரண்டு மடங்கு ஆகட்டும் என்று காத்திருப்பது குளிர்நாட்டுக்குச் சரி. இங்கே சூடான மாவை ஃபிரிட்ஜில் வைத்தாலும் நடுப்பகுதி குளிர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை உள்ளே புளிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். 26 டிகிரியில் தொடங்கிய மாவுக்கு இந்தக் கட்டம் காலை ஒன்பதரை, பத்து மணியை ஒட்டி வரும். கத்திரி வெயில் நாட்களில் அதற்கும் முன்னால் வரலாம்.

மதுரை வெயில் ஈரமில்லாத வெயில் என்பது நமக்குச் சாதகம். அகலமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, மேலே நனைத்த மல் துணி போர்த்திக் காற்றாடும் இடத்தில் வைத்தால் அறையைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். தெர்மோகோல் பெட்டிக்குள் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றையும் மாவையும் சேர்த்து வைப்பது இன்னும் உறுதியான வழி.

உருட்டிய மாவை வைக்க விலையுள்ள பிரம்புக் கூடை தேவையில்லை. பனையோலைக் கொட்டானிலோ துளையுள்ள வடிகூடையிலோ பருத்தித் துணி விரித்து, அரிசி மாவை நன்றாகத் தூவுங்கள். அரிசி மாவு ஈரத்தில் பிசினாகாது. துணியில் பிரெட் ஒட்டாது. அப்படியே மூடி ஃபிரிட்ஜில் 10 முதல் 14 மணி நேரம். ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 4 டிகிரி இருக்க வேண்டியது, அடிக்கடி திறக்கும் வீடுகளில் 8, 9 வரை ஏறிவிடும். அப்படியானால் எட்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மைதா சேர்க்க விருப்பமில்லை. ரேஷன் கோதுமையையோ சம்பா கோதுமையையோ மில்லில் திரித்து முழுக்க அதிலேயே செய்ய முடியுமா? கேழ்வரகு, கம்பு?
வாசகி, மேலூர்

முடியும். ஆனால் கடைப்படத்தில் வருவதுபோல் பெரிய ஓட்டைகளோடு உருண்டையாக நிற்கும் பிரெட்டை எதிர்பார்க்க வேண்டாம். 9 அங்குலம் நீளம், 5 அங்குலம் அகலமுள்ள தகர அச்சில் ஊற்றிச் சுடும் பிரெட்டாகச் செய்தால் அருமையாக வரும். 500 கிராம் மாவுக்கு அந்த அச்சு சரி.

கல்லில் திரிக்கும்போது கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் பெருமளவு நசுங்கிச் சிதைகின்றன. சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு அதுதான் காரணம். பிரெட்டில் அதுவே தண்ணீரை அதிகம் குடிக்கும், நொதிகள் சர்க்கரையாக மாற்றுவதையும் விரைவுபடுத்தும். எனவே 500 கிராமுக்கு 380 முதல் 400 கிராம் தண்ணீர் தேவைப்படும். புளிக்கும் நேரம் மைதா பிரெட்டைவிடக் குறையும். தவிடு குளூட்டன் இழைகளை அறுப்பதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. மாவைச் சலித்து, மேலே நிற்கும் தவிட்டை அதன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஆறியதும் மாவோடு சேருங்கள். ஊற்றிய வெந்நீரை மொத்தத் தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். மில்லிலிருந்து வரும் மாவு கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே நிறுங்கள்.

சம்பா கோதுமையின் குளூட்டன் வலுவற்றது, தனியாக எழும்பாது. பாதிக்குப் பாதி சாதாரணக் கோதுமையோடு கலக்கலாம். கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டனே கிடையாது. மொத்த மாவில் 15 சதவீதம், அதாவது 500-க்கு 75 கிராம் வரை நிறுத்திக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவை முதலில் கொதிநீர் ஊற்றிக் களிபோல் கிளறி ஆறவைத்துச் சேர்த்தால் பிரெட் இரண்டாம் நாளும் ஈரப்பதத்தோடு இருக்கும்; மாவாகவே கொட்டினால் மணல்போல் உதிரும். களியாகக் கிளறிச் சேர்க்கும் முறையைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம்.

கேள்வி: 30 லிட்டர் ஓ.டி.ஜி. (வீட்டு மின்சார அவன்) இருக்கிறது. மேல்பக்கம் கருகிவிடுகிறது, பிரெட் எழும்பவில்லை. என் தங்கை வீட்டில் ஓ.டி.ஜி.யும் இல்லை, குக்கரில் மணல் போட்டுச் சுடலாமா என்கிறாள்.
வாசகி, வில்லாபுரம்

சின்ன ஓ.டி.ஜி.யில் மேல்கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருக்கும். நீராவியும் கதவிடுக்கு வழியாகப் போய்விடும். முதல் 20 நிமிடம் மேல்தோல் ஈரமாக இருந்தால்தான் உள்ளே விரியும் வாயுவுக்கு ஏற்ப அது இழுபடும். சீக்கிரம் காய்ந்து ஓடானால் எழும்புவது அத்தோடு நின்றுபோகும். உங்கள் இரண்டு குறைகளுக்கும் ஒரே தீர்வு, மூடியுள்ள கனமான இரும்புச் சட்டி. பிளாஸ்டிக் பிடி இருந்தால் கழற்றிவிட வேண்டும். சட்டி கீழ்த்தட்டில் மூடியோடு அடங்குகிறதா என்று வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

சட்டியை உள்ளே வைத்து 230 டிகிரியில், கீழ்க்கம்பி, மேல்கம்பி இரண்டும் எரிய, 40 நிமிடம் காயவிடுங்கள். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று எடுக்காதீர்கள். அது காற்றின் சூடு மட்டும், இரும்பு இன்னும் ஏறியிருக்காது. மாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் பேக்கிங் பேப்பரில் கவிழ்த்து, புதிய பிளேடால் அரை அங்குல ஆழத்துக்குச் சாய்வாக ஒரு கீறல் போட்டு, பேப்பரோடு தூக்கிச் சட்டிக்குள் இறக்குங்கள். குளிர்ந்த மாவில் கீறல் சுத்தமாக விழும். மெழுகு பூசிய தாள் இந்தச் சூட்டில் புகையும், அது வேண்டாம். மூடி போட்டு 22 நிமிடம். மூடியை எடுத்துவிட்டு 210 டிகிரியில் இன்னும் 20 நிமிடம். அடிப்பக்கம் கருகினால் சட்டிக்குக் கீழே வெறும் தட்டு ஒன்றைச் செருகுங்கள். நடுவில் குத்திப் பார்த்தால் 97 டிகிரி காட்ட வேண்டும். நீராவிக்காகச் சூடான ஓ.டி.ஜி.க்குள் தண்ணீர் தெளிக்க வேண்டாம். கதவுக் கண்ணாடியில் பட்டால் வெடித்துவிடும்.

வெந்த பிரெட்டைக் கம்பித்தட்டில் இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். அதற்குள் வெட்டினால் உள்ளே பசைபோல் இருக்கும். வேகவில்லை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

குக்கர் யோசனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. அலுமினியக் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் எரித்தால் அடி வளைந்து, பிறகு சமையலுக்கே பாதுகாப்பில்லாமல் போகலாம். மேல்பக்கம் சிவக்கவும் சிவக்காது. தங்கைக்கு அதே மாவில் தோசைக்கல் பன் செய்யச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை 80 கிராம் உருண்டைகளாக்கி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, அடியில் ரவை தூவி, ஒரு மணி நேரம் உப்பவிட வேண்டும். கனமான தோசைக்கல்லில் சிறுதீயில் மூடி போட்டு ஒரு பக்கம் ஏழெட்டு நிமிடம், மறுபக்கம் அதே அளவு. தீ கூடினால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். வெண்ணெய் தடவிச் சாப்பிட இதற்கு ஈடில்லை.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் சவர்டோ பிரெட் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்களே?
வாசகர், திண்டுக்கல்

தாராளமாக என்பது தவறு. புளிப்பின் அமிலத்தால் மாவுச்சத்து சற்று மெதுவாகச் செரிக்கலாம். ஆனால் தலா 40 கிராம் எடையுள்ள இரண்டு துண்டில் ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதைச் சோற்றுக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும், மருத்துவர் சொன்ன அளவே அளவு. கோதுமை ஒவ்வாமையோ, குளூட்டனை உடல் ஏற்காத சீலியாக் நோயோ உள்ளவர்கள் தொடவே கூடாது. புளிக்கவைப்பதால் குளூட்டன் முழுவதும் போய்விடாது.

கேள்வி: சுட்ட இரண்டாம் நாள் பிரெட்டின் நடுவில் பிசுபிசுப்பு. பிய்த்தால் நூல்போல் இழுபடுகிறது. பூஞ்சணம் இல்லை, பழுத்த பழ வாசனை வருகிறது. சாப்பிடலாமா?
வாசகி, நரிமேடு, மதுரை

சாப்பிடக் கூடாது. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற பாக்டீரியாவின் வேலை இது. அதன் விதைத்துகள்கள் மாவிலேயே இருக்கும், பிரெட் வேகும் சூட்டிலும் சாகாது. வெக்கையான வீட்டில் மெதுவாக ஆறும் பிரெட்டுக்குள் முளைத்துவிடும். நல்ல புளிப்பு உள்ள சவர்டோவில் இது வருவது அரிது. ஆகவே உங்கள் ஸ்டார்ட்டர் இன்னும் முதிராதது, அல்லது கடை ஈஸ்ட்டும் சேர்த்து அவசரமாக எழுப்பியிருக்கிறீர்கள், அல்லது சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கிறீர்கள். பிரெட்டைத் தூர எறியுங்கள். பலகை, கத்தி, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி, பிறகு வினிகரால் துடையுங்கள். பழைய மாவை மாற்றிவிடுங்கள்.

நல்ல பிரெட்டை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மரப்பலகையில் வைத்துத் துணியால் மூடினால் நம் ஊரில் இரண்டு நாள் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டலாம். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் வெந்த மாவுச்சத்து மிக வேகமாக இறுகி, பிரெட் வறண்டுபோகும்.

கேள்வி: மதுரையில் அக்கா கொடுத்த ஸ்டார்ட்டரையும் அளவையும் அப்படியே கொடைக்கானலில் செய்கிறேன். அவளுக்கு நான்கு மணி நேரத்தில் எழும்புவது எனக்கு இரவு முழுக்க வைத்தாலும் எழும்பவில்லை.
வாசகி, கொடைக்கானல்

உங்கள் ஊரில்தான் வெளிநாட்டு நேரங்கள் பொருந்தும், சில மாதங்களில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். ஸ்டார்ட்டரை 500-க்கு 125 கிராமாக்கி, தண்ணீரை 35 டிகிரிச் சூட்டில் ஊற்றுங்கள். பிசைந்த மாவை, எரியாத ஓ.டி.ஜி.க்குள் விளக்கை மட்டும் போட்டோ, வெந்நீர்ச் சொம்பு வைத்த மூடிய பெட்டியிலோ வைத்து 25 டிகிரியில் நிறுத்தப் பாருங்கள். உருட்டுவதற்கு முன் அக்காவின் 40 சதவீதத்துக்குப் பதில் 60, 70 சதவீதம் உயரவிடலாம், உங்கள் மாவு ஃபிரிட்ஜில் சீக்கிரமே குளிர்ந்துவிடும். இன்னொரு வேறுபாடு உயரம். ஏறக்குறைய 2,100 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். பிரெட்டின் நடுப்பகுதி 97-ஐ எட்டவே எட்டாது. 91, 92 காட்டினால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் வெளியூர் போகிறோம், மின்தடை வேறு வரும். ஸ்டார்ட்டரை என்ன செய்வது? தினமும் எடுத்துக் கொட்டும் மாவுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
வாசகர், உசிலம்பட்டி

20 கிராம் ஸ்டார்ட்டரில் 60 கிராம் மாவும் 30 கிராம் தண்ணீரும் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் இறுக்கமாகப் பிசைந்து, அரை மணி கழித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இறுகிய மாவில் புளிப்பு மெதுவாகவே ஏறும். மூன்று வாரம் தாங்கும், இடையில் அரைநாள் கரன்ட் போனாலும் கெடாது. திரும்பி வந்து இரண்டு மூன்று தடவை மாவு போட்டுப் பழைய வேகம் வந்த பிறகே பிரெட்டுக்கு எடுங்கள். காப்புக்காகக் கொஞ்சம் உலர்த்தியும் வைக்கலாம். உச்சத்தில் இருக்கும் ஸ்டார்ட்டரைப் பேக்கிங் பேப்பரில் காகிதக் கனத்துக்குத் தடவி, மின்விசிறிக்குக் கீழே நிழலில் காயவிடுங்கள். வற்றல் போடுவதுபோல் மாடி வெயிலில் வைத்தால் தரைச்சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். நொறுங்கும் பதத்தில் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் பல மாதம் இருக்கும். வேண்டும்போது 10 கிராம் பொடியை 20 கிராம் தண்ணீரில் ஊறவைத்து, 20 கிராம் மாவு சேர்த்து, பொங்கும்வரை தினமும் ஊட்டுங்கள்.

எடுத்துவைக்கும் மாவை டப்பாவில் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். 200 கிராம் சேர்ந்ததும் 100 கிராம் அரிசி மாவு, 50 கிராம் ரவை, உப்பு, சுமார் 300 கிராம் தண்ணீர் சேர்த்து மோர்போல் கரைத்து, மிளகு, சீரகம், நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, நன்றாகக் காய்ந்த கல்லில் ரவா தோசைபோல் வீசி ஊற்றுங்கள். புதிதாக ஆரம்பித்த ஸ்டார்ட்டரின் முதல் வாரத்து மாவை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதில் எந்தப் பாக்டீரியா இருக்கும் என்று சொல்ல முடியாது.